எக்ஸ்ரேயில் எலும்பு சரி, கை ஏன் அசையவில்லை?

மலையகத்தில் முதுகு அடிபட வழிகள் நிறைய. குளவி கலைந்து துரத்தும்போது கொழுந்து மலையில் ஓடித் தடுக்கி விழுகிறார்கள். கிளை வெட்ட நிழல் மரத்தில் ஏறியவர் வழுக்கி இறங்குகிறார். பாசி பிடித்த லயத்துப் படி காலை வாரிவிடுகிறது. வளைவில் திரும்பும் ஆட்டோ பள்ளத்துக்குள் போய்விடுகிறது. 2025 மே 11ஆம் திகதி அதிகாலை கொத்மலை கெரண்டி எல்லயில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தோர் தொகை எல்லாச் செய்தியிலும் வந்தது. இப்படியான விபத்துகளில் தப்பியவர்களுக்குப் பிறகு என்ன ஆனது, யார் எழுந்து நடந்தார், யார் படுக்கையில் கிடக்கிறார் என்பது எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

தோட்டங்களில் இப்படி அடிபட்டவர்களின் வீட்டில் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "எக்ஸ்ரே எடுத்தாங்க, எலும்பு ஒடையலன்னு சொன்னாங்க, ஆனா கைய தூக்க முடியல." எலும்பு உடையவில்லை என்ற தகவல் உண்மையாக இருக்கலாம். ஆனால் கையைத் தூக்க வைப்பது எலும்பு இல்லை, அதற்குள் ஓடும் நரம்பு. எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. என்று மூன்று படங்கள் இருப்பதற்குக் காரணமே, மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான். எந்தக் கேள்விக்கு எந்தப் படம் என்று குடும்பத்துக்குத் தெரிந்திருந்தால், அடுத்த படம் வேண்டுமா என்று வைத்தியரிடம் தைரியமாகக் கேட்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முள்ளந்தண்டு எலும்புகள் கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே ஒட்டிப்போன எலும்புகள். ஒவ்வொன்றின் பின்புறமும் ஒரு வளையம் இருக்கிறது. அந்த வளையங்கள் சேர்ந்து உண்டாகும் குழாய்க்குள் மூளையிலிருந்து இறங்குகிறது முண்ணாண் என்ற நரம்புக் கற்றை. ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் நீளம், சுண்டுவிரல் பருமன். முதலாவது இடுப்பெலும்பின் பக்கத்தில் அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குழாய்க்குள் தொங்குவது தனித்தனி நரம்புகள் மட்டுமே. அதனால்தான் அடி விழுந்த உயரம் இவ்வளவு பெரிய விஷயம். கழுத்தின் மேற்பகுதியில் பட்டால் மூச்சே நின்றுபோகலாம், ஏனென்றால் மூச்சை இழுக்கும் உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் மட்டங்களிலிருந்து புறப்படுகிறது. கழுத்தின் கீழ்ப்பகுதியில் பட்டால் கையும் காலும் பாதிக்கும். நெஞ்சு மட்டத்தில் பட்டால் கை தப்பும், கால் போகும். இடுப்பின் கீழ்ப்பகுதியில் பட்டால் முண்ணாண் தப்பிவிடும். ஆனாலும் கால், சிறுநீர், மலம் ஆகியவற்றின் நரம்புகள் நசுங்கலாம்.

மரத்திலிருந்து விழுகிறவர் பெரும்பாலும் காலோ பிட்டமோ தரையில் பட விழுகிறார். அந்த விசை நேராக மேலே ஏறி, முள்ளந்தண்டின் நெஞ்சுப் பகுதியும் இடுப்புப் பகுதியும் சந்திக்கும் இடத்தில் எலும்பை நொறுக்கும். உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்து வந்தவரின் முதுகையும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று வைத்தியர்கள் படிப்பது இதனால்தான். வீங்கிய குதிகால் எல்லோர் கண்ணிலும் படும், முதுகு படாது.

முண்ணாணுக்கு வரும் சேதம் விழுந்த நொடியோடு முடிவதில்லை. நசுங்கிய இடத்தில் இரத்தம் கசியும், வீக்கம் ஏறும், சுற்றியுள்ள நல்ல பகுதிக்கும் இரத்த ஓட்டம் குறையும். அடுத்த பல மணித்தியாலங்களில், சில நாட்களில், முதல் அடியில் தப்பிய இழைகளும் சாகலாம். இரத்த அழுத்தம் இறங்கினாலோ ஒட்சிசன் குறைந்தாலோ இந்த இரண்டாவது சேதம் கூடும். படம் எடுப்பதற்கு முன்பே சேலைனும் ஒட்சிசனும் கொடுத்து அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். "ஸ்கேனுக்கு அனுப்பாம சேலைன் ஏத்திக்கிட்டு நிக்கிறாங்களே" என்று வாசலில் கோபப்படுகிற உறவினர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் தோட்டத்துப் பாதையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மலை உச்சியில் விழுந்தவரைக் கம்பளியில் கட்டித் தூக்கி வருவதும், கொழுந்து லொறியில் ஏற்றி அனுப்புவதும் இன்றும் பழங்கதையாகிவிடவில்லை. கம்பளியில் உடல் நடுவில் மடிந்து தொங்கும். உடைந்த எலும்பு அந்த மடிப்பில்தான் முண்ணாணுக்குள் குத்தும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இந்திய உதவியோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு தீவு முழுவதுக்கும் வந்தது. காசு இல்லை, அந்த எண்ணுக்கு அழைத்தால் போதும். ஆனால் எல்லா லயத்து வாசலுக்கும் அம்புலன்ஸ் ஏற முடியாது. அது வரும் வரை, உயிருக்கு ஆபத்தான இடம் இல்லையென்றால், ஆளை அசைக்காமல் விடுவதுதான் உதவி. அசைத்தே ஆக வேண்டும் என்றால், ஒருவர் தலையையும் கழுத்தையும் இரு கையாலும் பிடித்து அசையாமல் வைத்துக்கொள்ள, மற்றவர்கள் உடம்பை ஒரே நேர்கோட்டில், ஒரே சமயத்தில் தூக்கிப் பலகையிலோ கதவிலோ வைக்க வேண்டும். தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கவே கூடாது. அந்த ஒரு வாய்த் தண்ணீர் அன்பில் கொடுப்பது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கூடாது.

ஆஸ்பத்திரிக்கு வந்தாயிற்று. இனிப் படம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். படத்துக்கு முன்னால் ஒரு ஊசியும் கொஞ்சம் பஞ்சும் வரும், வர வேண்டும். உலகம் முழுக்கப் பயன்படும் பரிசோதனை முறை ஒன்றின்படி, உடம்பின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்களில் ஊசியால் லேசாகக் குத்தியும் பஞ்சால் தொட்டும் கேட்பார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் 10 தசைகளின் பலத்தை 0 முதல் 5 வரை எடைபோடுவார்கள். கடைசியாக ஆசனவாயைச் சுற்றி உணர்வு இருக்கிறதா, விரலை வைத்தால் இறுக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். கூச்சம் தரும் பரிசோதனைதான். ஆனால் முண்ணாணின் கடைக்கோடி நரம்புகள் அங்கேதான் போகின்றன. அங்கே கொஞ்சம் உணர்வு மிஞ்சியிருந்தால், காலை அசைக்கவே முடியாவிட்டாலும், சேதம் முழுமையானது என்று சொல்ல மாட்டார்கள். திரும்பி வரும் வாய்ப்பும் கூடுகிறது. இதையெல்லாம் வைத்து ஏ முதல் ஈ வரை ஒரு தரம் போடுவார்கள். ஏ என்றால் கடைக்கோடியிலும் உணர்வோ அசைவோ இல்லை. ஈ என்றால் எல்லாம் வழமை.

இந்தப் பரிசோதனை முழுக்க முழுக்க நோயாளி சொல்லும் பதிலில்தான் நிற்கிறது. ஊசி குத்துவது கூராகத் தெரிகிறதா, வெறுமனே தொட்ட மாதிரி இருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியா என்று கேட்பவர் சிங்களத்தில் கேட்க, தமிழ் மட்டும் தெரிந்த தோட்டத்து அம்மா பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினால், அந்தத் தாளில் விழும் எண்கள் எதற்கும் உதவாது. மலையக ஆஸ்பத்திரிகளில் மொழி என்பது மரியாதைப் பிரச்சினை மட்டுமில்லை, நோயைக் கண்டுபிடிக்கும் பிரச்சினை. தமிழ் தெரிந்த தாதியோ, சிற்றூழியரோ, பக்கத்துக் கட்டிலில் இருப்பவரோ அந்த இருபது நிமிடம் கூட நின்றால் போதும், கணக்கு மாறிவிடும். கூடப் போனவர்கள் இதைத் தயங்காமல் கேட்க வேண்டும். கேட்கிற உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

அடிபட்ட எல்லோருக்கும் படம் தேவையும் இல்லை. 2000ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று 34,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. கழுத்தின் நடுக்கோட்டில் அழுத்தினால் நோவு இல்லை, குடிபோதை இல்லை, நினைவு தெளிவு, கை கால் பலவீனம் எதுவும் இல்லை, கவனத்தை இழுக்கும் வேறு பெரிய காயமும் இல்லை. இந்த ஐந்தும் பொருந்தினால் கழுத்துக்குப் படமே வேண்டாம் என்று அது காட்டியது. ஒன்று பொருந்தாவிட்டாலும் படம் வேண்டும்.

முதல் படம் பெரும்பாலும் எக்ஸ்ரே. 1895இல் ரொன்ட்ஜன் கண்டுபிடித்தது, இன்றும் சிறிய ஆஸ்பத்திரிகளில் கைக்கு எட்டுவது அதுதான். எலும்புகள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா, ஏதாவது ஒன்றின் உயரம் குறைந்திருக்கிறதா, பின்பக்க முட்களுக்கு இடையில் இடைவெளி விரிந்திருக்கிறதா என்று அதில் பார்க்கலாம். ஒரு பெரிய சிக்கல், பக்கவாட்டில் எடுக்கும் கழுத்துப் படத்தில் தோள்கள் குறுக்கே நிற்கும். கழுத்தின் ஏழாவது எலும்பும் நெஞ்சின் முதல் எலும்பும் சந்திக்கும் இடம் அந்த நிழலில் மறைந்துபோகும். அந்த இடம் தெரியாத படத்தைப் பார்த்து கழுத்து சரி என்று சொல்லக் கூடாது. மலையில் உழைத்து உரமேறிய தோள் உள்ளவர்களிடம் இந்த மறைப்பு இன்னும் அதிகம். பல ஆய்வுகளைத் திரட்டி 2005இல் வெளிவந்த கணக்கு ஒன்றின்படி, கழுத்து எலும்பின் முக்கியமான காயங்களில் எக்ஸ்ரே 52 சதவீதத்தைத்தான் பிடித்தது, சி.டி. 98 சதவீதத்தைப் பிடித்தது. கடுமையாக அடிபட்டவருக்கு எக்ஸ்ரேயோடு நிறுத்தக் கூடாது என்று சொல்ல இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

சி.டி.யும் எக்ஸ் கதிர்தான். ஆனால் சுற்றிச் சுற்றி எடுத்து, கணினியில் மெல்லிய துண்டுகளாக வெட்டிக் காட்டும். ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த கருவியால் 1971இல் முதல் நோயாளியைப் படம் எடுத்தார்கள். அப்போது ஒரு தலையை எடுக்கவே நீண்ட நேரம் ஆனது, இன்று முழு முதுகும் ஒரு நிமிடத்துக்குள். உடைந்த துண்டு எத்தனை மில்லிமீற்றர் பின்னால் தள்ளி குழாயை அடைத்திருக்கிறது, எலும்பு நிலையாக இருக்கிறதா, ஸ்க்ரூ போட வேண்டுமானால் எந்தத் தடிப்பில் போடலாம் என்பதெல்லாம் இதில்தான் தெரியும். ஓரிடத்தில் முறிவு கண்டால் முதுகு முழுவதையும் பார்ப்பது வழக்கம். தள்ளி வேறோர் இடத்தில் இன்னொரு முறிவு இருப்பது அபூர்வமில்லை.

இவ்வளவு தெளிவான சி.டி.யிலும் முண்ணாண் மட்டும் ஒரு சாம்பல் நிறப் பட்டையாகத்தான் தெரியும். தேயிலை மலையில் கல் அணை கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அணையில் கல் பெயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று, அணைக்குப் பின்னால் மண்ணுக்குள் நீர் ஊறியிருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. எக்ஸ்ரேயும் சி.டி.யும் கல்லைப் பார்க்கின்றன. எம்.ஆர்.ஐ. நீரைப் பார்க்கிறது. நீரைப் பார்க்கிறது என்பது இங்கே நேர்ப் பொருளிலேயே சரி, ஏனென்றால் உடம்பிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஐதரசன் அணுக்களின் கருக்கள் காந்தப் புலத்தில் தரும் சைகையைத்தான் அது படமாக்குகிறது. இதில் எக்ஸ் கதிரே கிடையாது.

இனித் தலைப்பில் கேட்ட கேள்விக்கு வரலாம். எலும்பு உடையாமலே முண்ணாண் நசுங்கும் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்று, சின்னப் பிள்ளைகள். அவர்களுடைய முள்ளந்தண்டு இளகியது, இழுபட்டு வளைந்து பழைய இடத்துக்கே திரும்பிவிடும். உள்ளிருக்கும் முண்ணாணுக்கு அவ்வளவு இழுபடும் தன்மை இல்லை. படத்தில் எலும்பு ஒழுங்காக இருந்தும் கை கால் விழுந்துபோன பிள்ளைகளைப் பற்றி 1982இல் இரண்டு அமெரிக்க வைத்தியர்கள் விரிவாக எழுதினார்கள். சில பிள்ளைகளுக்கு விழுந்த உடனே கையில் கொஞ்சம் விறைப்போ மின்சாரம் அடித்த மாதிரி ஓர் உணர்வோ மட்டும் இருந்து, சில மணித்தியாலமோ சில நாளோ கழித்துத்தான் பலவீனம் வரும். பிள்ளை எழுந்து விளையாடுகிறதே என்று அந்த முறைப்பாட்டை ஒதுக்கிவிடக் கூடாது.

இரண்டாவது வகை, வயதானவர்கள். மலையகத்தில் இதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் கழுத்து எலும்புகளின் ஓரத்தில் சிறு முட்கள் வளர்ந்து, உள்ளிருக்கும் குழாய் ஏற்கெனவே ஒடுங்கியிருக்கும். அப்படி ஒருவர் சரிவில் முகம் குப்புற விழுகிறார். நெற்றி தரையில் அடிபட்டுக் கழுத்து பின்னால் மடிகிறது. முன்னால் இருக்கும் முள்ளுக்கும் பின்னால் மடிந்து உப்பும் தசைநாருக்கும் நடுவில் முண்ணாண் ஒரு கணம் நசுங்குகிறது. எலும்பு எதுவும் உடையவில்லை. அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் ரிச்சர்ட் ஷ்னைடரும் கூட இருந்தவர்களும் 1954இல் விவரித்த நிலைமை இது. இதில் கால்களைவிடக் கைகள்தான் கூடுதலாகப் பலம் இழக்கும். அதாவது ஆள் நடந்தே ஆஸ்பத்திரிக்கு வரலாம். நெற்றியில் ஒரு காயம், எக்ஸ்ரேயில் வயதுக்கு வரும் தேய்மானம் மட்டும். காயத்துக்கு நூல் போட்டு, நோவு மாத்திரை கொடுத்து, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது மிக எளிது. வீட்டுக்கு வந்த பிறகு சட்டைப் பொத்தானைப் போட முடியாது, சோற்றைப் பிசைந்து எடுக்க முடியாது, விரல் நுனியெல்லாம் எரியும். விழுந்தபிறகு இப்படி இருந்தால் "நடக்கிறாரே" என்று சமாதானம் அடையாமல் திரும்பக் கூட்டிப் போங்கள். கை எரிகிறது, கொழுந்து ஆயமுடியவில்லை, பொத்தான் போட முடியவில்லை என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. தேவைப்படும் இடம் இதுதான்.

எம்.ஆர்.ஐ. எளிதாகக் கிடைக்கும் பொருள் இல்லை. கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களுக்குத்தான் போக வேண்டும். ஹட்டன் பக்கத்திலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து கண்டிக்கு 70 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகப் போனாலும் தூரம் அதைவிடக் குறையாது. இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே மாதம் திறக்கப்பட்ட 150 கட்டில் டிக்கோயா ஆதார வைத்தியசாலை அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் முண்ணாண் காயத்துக்குத் தேவையான சத்திரசிகிச்சைக் குழுவும் படக்கருவியும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் பயணம் தவிர்க்க முடியாதது. மண்சரிவு நாட்களில் அந்தப் பாதையும் மூடிவிடும்.

படம் எடுக்கும் அறையில் என்ன நடக்கும் என்று தெரியாமல் பலர் பயந்துபோகிறார்கள். குறுகிய குழாய்க்குள் அரை மணித்தியாலத்துக்கு மேலும் அசையாமல் படுக்க வேண்டும். பலமாகத் தட்டுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்கும். காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள், கையில் ஒரு பொத்தானும் கொடுப்பார்கள், தாங்க முடியாவிட்டால் அழுத்தலாம். கை அசையாதவர்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும் என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். கருவியின் காந்தம் 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. இதயத்துக்குக் கருவி வைத்தவர்கள், கண்ணுக்குள் இரும்புத் துகள் போனவர்கள், உடம்பில் குண்டுச் சிதறல் உள்ளவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாலி, மூக்குத்தி, அரைஞாண், தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மனம் வராமல் அழுத பெண்கள் இருக்கிறார்கள். கழுத்தைப் படம் எடுக்கும்போது கழுத்திலேயே உலோகம் இருந்தால், பார்க்க வேண்டிய இடம்தான் கறுத்துக் கெட்டுப்போகும். மஞ்சள் கயிறு மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. புறப்படும் முன்பே வீட்டில் பேசி முடிவெடுத்துக்கொண்டால் அந்தக் கடைசி நேரத் தவிப்பு இருக்காது.

வரும் படத்தில் வைத்தியர் தேடுவது சில விஷயங்களை. இன்னும் எதாவது முண்ணாணை அழுத்திக்கொண்டிருக்கிறதா என்பதுதான் முதலில். பிதுங்கிய இடைத்தட்டு, எலும்புத் துண்டு, வெளியே தேங்கிய இரத்தக் கட்டி எதுவாக இருந்தாலும் எடுக்கக் கூடியவை. எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் தசைநார்கள் கிழிந்திருக்கின்றனவா என்பது அடுத்தது, கிழிந்திருந்தால் எலும்பு உடையாவிட்டாலும் முதுகு நிலையற்றது. பிறகு முண்ணாணின் உள்ளே. நீரை வெள்ளையாகக் காட்டும் படவகையில், வீங்கிய பகுதி வெளுத்துத் தெரியும். அதன் நடுவில் கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தால், அது முதல் சில நாட்களில் பெரும்பாலும் இரத்தக் கசிவு. வீக்கம் மட்டும் இருப்பவர்களைவிட, உள்ளே இரத்தம் கசிந்தவர்கள் மீள்வது பொதுவாகக் குறைவு. 2015இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் இதை 0 முதல் 4 வரை தரப்படுத்தினார்கள். 0 என்றால் உள்ளே மாற்றம் இல்லை. 4 என்றால் வீக்கத்தோடு இரத்தக் கசிவும் இருக்கிறது.

வீக்கம் முதல் இரண்டு மூன்று நாட்களில் நீண்டுகொண்டே போகும். அதனால் அடிபட்டு ஆறு மணித்தியாலத்தில் எடுத்த படத்தையும் மூன்றாம் நாள் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து "கூடிவிட்டது" என்று பயப்படுவது சரியில்லை. பரிசோதனைக்கும் இதே கதைதான். முண்ணாண் அதிர்ச்சியில் இருக்கும் முதல் நாட்களில், மிஞ்சியிருக்கும் நரம்பும் வேலை செய்யாமல் கிடக்கும். அடிபட்டு 72 மணித்தியாலம் அளவில் செய்யும் பரிசோதனை, முதல் இரவில் செய்வதைவிட எதிர்காலத்தை நன்றாகச் சொல்லும். முதல் இரவிலேயே "இனி நடக்கமாட்டார்" என்று யாராவது சொன்னால், அது சொல்லக் கூடாத நேரம்.

அழுத்தம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதை எடுப்பதற்கு நேரக் கணக்கு உண்டு. கழுத்து முண்ணாண் அடிபட்ட 313 பேரைச் சேர்த்து 2012இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வில், 24 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை நடந்தவர்களில் 19.8 சதவீதமானோர் ஆறு மாதத்தில் அந்த ஏ முதல் ஈ வரையான தரத்தில் இரண்டு படியாவது முன்னேறினார்கள். தாமதமாக நடந்தவர்களில் அது 8.8 சதவீதம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை என்பதால் குறை சொல்ல இடம் உண்டு. ஆனாலும் பின்னால் வந்த சர்வதேச வழிகாட்டிகளும், நோயாளியின் நிலை இடம் கொடுத்தால் 24 மணித்தியாலத்துக்குள் என்றே சொல்கின்றன. இந்த 24 மணித்தியாலத்தை மலையகத்தில் வைத்துப் பாருங்கள். மலையிலிருந்து லயத்துக்கு, லயத்திலிருந்து டிஸ்பென்சரிக்கு, அங்கிருந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்கு, அங்கே விடியும் வரை, பிறகு கண்டிக்கு. ஒவ்வொரு படியிலும் யாரும் பெரிய தவறு செய்யாமலே பாதி நாள் போய்விடும். தோட்டத்து மட்டத்திலேயே "கை கால் மரத்துவிட்டது, கழுத்து நோகிறது" என்ற இரண்டு அறிகுறியைக் கண்டு நேராகப் பெரியாஸ்பத்திரிக்கு வழி செய்வதுதான் இங்கே மிச்சப்படுத்தக் கூடிய நேரம். புது ஸ்கேன் கருவி வாங்குவதைவிட இது மலிவு.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு வேறு கட்டம். முதுகு நிலையாக இருக்கிறது என்று எக்ஸ்ரேயோ சி.டி.யோ உறுதி செய்தால் ஆளை உட்கார வைக்கலாம், பயிற்சி தொடங்கலாம். ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையும் கண்டிப் பக்கம் திகனவில் உள்ள புனர்வாழ்வு வைத்தியசாலையும் இதற்கான இடங்கள். திரும்பி வரும் பலத்தில் பெரும்பங்கு முதல் ஆறு மாதத்தில் வரும், ஒரு வருடம், அதற்கு அப்பாலும் கொஞ்சம் கொஞ்சமாக வரலாம். இந்தக் காலத்தில் குடும்பங்கள் கேட்பது, "இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுத்தா நரம்பு வளந்துருக்கானு தெரியுமா?" தெரியாது. வழமையான எம்.ஆர்.ஐ. நரம்பிழை திரும்ப இணைந்ததா என்று காட்டாது. காயத்தின் ஓரத்தில் மிஞ்சிய இழைப் பாலத்தின் அகலத்தை அளந்து மீட்சியைக் கணிக்கலாம் என்று சூரிச் ஆய்வாளர்கள் 2017 முதல் காட்டிவருகிறார்கள். நல்ல நம்பிக்கை தரும் வேலை. ஆனால் முன்னேற்றத்தைக் காட்டுவது இன்னும் அந்த ஊசியும் பஞ்சும் தசைப் பலமும்தான். தனியாரில் காசு கட்டி ஆறு மாதத்துக்கொரு ஸ்கேன் எடுப்பதைவிட, அந்தக் காசைச் சக்கர நாற்காலி போகக் கூடிய ஒரு சரிவுப் பாதைக்கும் காற்று மெத்தைக்கும் செலவழிக்கலாம். ஸ்டெம் செல் ஊசி போட நகையை அடகு வைத்துக் கடல் தாண்டிப் போகிறவர்களிடமும் இதையே சொல்வேன். முண்ணாண் காயத்துக்கு அது வழக்கமான சிகிச்சையாக இன்னும் நிலைபெறவில்லை.

மறுபடியும் எம்.ஆர்.ஐ. கட்டாயம் தேவைப்படும் ஒரு நிலைமை உண்டு. மாதங்களோ வருடங்களோ கழித்து, இருந்த பலம் குறையத் தொடங்கினாலோ, மரத்த மட்டம் மேலே ஏறினாலோ, புதிதாக நோவு வந்தாலோ, முண்ணாணுக்குள் நீர்ப்பை ஒன்று உருவாகி நீண்டுகொண்டிருக்கலாம். "பழைய காயம்தானே" என்று விடக் கூடாத அறிகுறிகள் இவை. முதல் படங்களின் சீடியும் டயக்னோசிஸ் கார்டும் கையில் இருந்தால்தான் புதிய படத்தை ஒப்பிட முடியும். லயத்துக் கூரை ஒழுகும் வீட்டில் அவற்றைத் தகரப் பெட்டியில் பொலித்தீன் சுற்றி வைப்பது வீண் வேலை இல்லை.

படுத்திருப்பவரின் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக் கட்டி இருக்கிறதா என்று, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டொப்ளர் ஸ்கேன் பார்ப்பார்கள். இடுப்பு மூட்டு வீங்கி இறுகினால் தசைக்குள் எலும்பு வளர்கிறதா என்று பார்ப்பார்கள். அதில் முதல் சில வாரம் எக்ஸ்ரே வெறுமையாகவே இருக்கும் என்பதால், ஒருமுறை எடுத்து ஒன்றுமில்லை என்றால் விட்டுவிட வேண்டாம்.

இவையெல்லாவற்றையும்விட அதிக உயிரைக் காப்பாற்றும் படம் முதுகில் எடுப்பதே இல்லை. அது சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் எடுக்கும் அல்ட்ராசவுண்ட். லுட்விக் குட்மன் 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவிலில் முண்ணாண் காயப் பிரிவைத் தொடங்கும் வரை, இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது முதுகுக் காயம் இல்லை, சிறுநீர்க் கிருமியும் படுக்கைப் புண்ணும். முண்ணாண் அடிபட்டால் சிறுநீர்ப்பை தானாக முழுவதும் வடியாது. தேங்கும் நீரின் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தை வீங்க வைக்கும், கல் கட்டும், கிருமி பிடிக்கும். உணர்வில்லாத உடம்பில் இதெல்லாம் வலியே இல்லாமல் நடக்கும். நெஞ்சின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலேயோ காயம் உள்ளவர்களுக்கு, நிரம்பிய சிறுநீர்ப்பையோ அதிலுள்ள கல்லோ திடீரென்று இரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும். தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவந்து வியர்வை என்று அது வெளிப்படும். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அவசர நிலைமை இது. இதற்குக் கண்டிவரை போக வேண்டியதில்லை, பெரிய காந்தமும் வேண்டாம். அல்ட்ராசவுண்ட் வசதி உள்ள பக்கத்து ஆஸ்பத்திரியின் கிளினிக்கிலேயே எடுக்கலாம். எந்த நோவும் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை சிறுநீரக ஸ்கேன் வேண்டும் என்று கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.